ஈர்க்கு நுழையும் இடைவெளி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், கணபதியில் இருந்த எங்கள் லேத் பட்டறைக்குக் கடலிலிருந்து ஓர் ஆள் வந்தார். கடலிலிருந்து என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். அவர் வந்தது தூத்துக்குடி பஸ்ஸில். காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் மாறி, விசாரித்து விசாரித்து எங்கள் சந்துக்குள் நுழைந்தபோது அவர் தோளில் ஒரு கோணிப்பை இருந்தது. அதற்குள் ஒரு பம்பின் ஷாப்ட்.

அண்ணன் அதை வாங்கி லேத்தில் மாட்டிச் சுற்றிப் பார்த்தான். நடுவில் வளைந்திருந்தது.

"எந்தத் தோட்டத்து மோட்டாருங்க இது? இத்தனை உப்புப் பூத்துக் கிடக்குது?"

"தோட்டம் இல்ல தம்பி. தோணி. அடியில ஊறுற தண்ணிய வெளிய இறைக்கிற பம்பு. உங்க ஊருலதான் இத ஒழுங்காச் சரி பண்ணுவாங்கன்னாங்க."

நான் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தேன். தோணி என்றால் ஆற்றைக் கடக்கிற சின்னப் படகு என்றுதான் எனக்குத் தெரியும். அவர் சொன்ன தோணி வேறு. பாய்மரம் கட்டி, நூறு இருநூறு டன் சரக்கை ஏற்றிக்கொண்டு கடலில் நாள்கணக்கில் போவது. அந்தத் தோணியை ஓட்டிப் போகிறவரைத் தண்டல் என்பார்கள். இவர்தான் தண்டல். அரைக்கை பனியன், கழுத்தில் துண்டு, காதோரம் நரை. எங்கள் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், நம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

ஷாப்ட் நிமிர்ந்து வருவதற்குள் நான் அவரிடம் ஐம்பது கேள்விகளாவது கேட்டிருப்பேன். ராத்திரி எதை வைத்துத் திசை பார்ப்பீர்கள், குடிதண்ணீர் எதில் வைப்பீர்கள், கரை தெரியாமல் எத்தனை நாள் போவீர்கள், எது ரொம்ப ஆபத்து. கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார்.

"ஏத்த முடியாத பாயால ஒருத்தனும் செத்ததில்ல. எறக்க முடியாத பாய்தான். காத்து முறுக்கிட்டு வரும்போது பாய் சட்டுனு கீழ வரணும். வரலன்னா தோணி சாஞ்சிரும்."

"ஏனுங்க, நீங்க பதில் சொல்லாதீங்க" என்றான் அண்ணன், லேத்திலிருந்து தலையைத் திருப்பாமலே. "இவன் நிறுத்த மாட்டான். பாலிடெக்னிக்ல வாத்தியாருங்களே இவனைப் பார்த்தா வேற வராண்டாவுல போயிருவாங்களாமா."

அவன் சொன்னதில் பொய்யில்லை. எனக்கு இருபத்தொரு வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பம்ப் கம்பெனிகளுக்கு ஷாப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிற பட்டறையில், அண்ணனுக்குப் பக்கத்து லேத்தில் நின்றுகொண்டிருந்தேன். வேலை பிடிக்காமல் இல்லை. ஆனால் காலையில் கடைந்த புஷ்ஷையே மாலையிலும் கடையும்போது மனம் எங்கேயோ போய்விடும். எங்கே என்று யாராவது கேட்டிருந்தால் கடல் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

கடலை ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். ஒன்பதாவதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில், கன்னியாகுமரியில், முக்கால் மணி நேரம். அதிலும் பாதி நேரம் காணாமல் போன ஒருவனின் செருப்பைத் தேடுவதில் போய்விட்டது. மிச்ச நேரத்தில் பார்த்த கடல் உள்ளே தங்கிவிட்டது. கரை அல்ல, அலையும் அல்ல. கடலும் வானமும் சேர்கிற அந்தக் கோடு. அதற்கு அந்தப் பக்கம் போனால் நான்கு திசையிலும் அதே கோடுதான் இருக்கும் என்று அட்லஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான்கு பக்கமும் எதுவுமில்லாத ஓர் இடத்தில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் காற்று அடிக்க ஆரம்பித்ததும் நான் பட்டறையின் ஷீட் கூரைமேல் ஏறி நின்றுகொள்வேன். அது கடலில் கிளம்பி மலைச் சந்தில் நுழைந்து வருகிற காற்று. சட்டை படபடக்கும். அம்மா கீழேயிருந்து ஷீட் உடைந்துவிடும் என்று கத்துவாள்.

ஷாப்டை வாங்கிப் பையில் வைக்கும்போது தண்டல் பையின் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு மரப்பெட்டி, இரண்டு கை அகலம். அதன் நடுவில் உள்ள சந்தில் ஒரு மர உருளை, இரும்பு ஆணியில் கோத்திருந்தது. கப்பி. தோணியில் பாயை ஏற்றும் கயிறு இந்த உருளைகள்மேல்தான் ஓடும் என்றார். பெட்டிகள் நன்றாக இருக்கின்றன, உருளைகள்தான் விளிம்பு பல் பல்லாகப் பெயர்ந்து கயிற்றைத் தின்கின்றன, பதினாறு வேண்டும்.

"இங்க மரம் கடையிற ஆளு யாராவது உண்டா தம்பி? எங்க ஊருல செஞ்சவரு மகன்கூடத் திருப்பூருக்குப் போயிட்டாரு."

"நாங்க இரும்புக்காரங்க" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் "நான் செய்யறேனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

தண்டல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மரம் கடைஞ்சிருக்கியா?"

"ரெண்டு பம்பரமுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் பட்டறையே சிரித்தது. ஆனால் கப்பியை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டும் நான் அவரை விடவில்லை.

"ஒரே ஒரு கேள்விங்க. தோணியில வெளியாளுங்களைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"சமைப்பியா?"

"டீ போடுவேனுங்க."

"வாந்தி எடுப்பியா?"

"தெரியாதுங்க. போனாத்தான் தெரியும்."

அவர் பையைக் கட்டினார். "சித்திரைக் கடைசியில உப்பு ஏத்திட்டுக் கொச்சிக்குப் போறோம். மழைக்கு முந்தி அதான் கடைசி ஓட்டம். பதினாறையும் நீயே கொண்டாந்து மாட்டு. பாய் தடையில்லாம ஓடுச்சுன்னா நீயும் ஏறிக்கோ. ஓடலன்னா வந்த பஸ்ஸுலயே திரும்பிரு. சரிதானா?"

சரிதான் என்றேன்.

அவர் போனதும் அண்ணன் லேத்தை நிறுத்தினான். "கொச்சிக்கு இங்கிருந்து டிரெயின்ல அரை நாளு. நீ தெக்க தூத்துக்குடிக்குப் போயி, அங்கிருந்து குமரியைச் சுத்தி அஞ்சாறு நாள் கடல்ல மிதந்து கொச்சிக்குப் போறியாக்கும்?"

"ஆமா."

"போயி?"

"போயி டிரெயின்ல திரும்பி வந்துருவேன்."

அவன் அம்மாவைக் கூப்பிட்டு, எனக்கு வேப்பிலை அடிக்கச் சொன்னான்.

மரத்துக்கு அலையவேண்டி இருக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் ஒரு பழைய நூல் மில்லின் பஞ்சு குடோனை இடித்துக்கொண்டிருந்தார்கள். உத்தரங்கள் கருமருது. பழைய மரக்கடையில் அடுக்கியிருந்ததில் இரண்டு துண்டு பார்த்து எடுத்து, டி.வி.எஸ். பிப்டியில் குறுக்கே கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். ஐம்பது அறுபது வருஷம் தகரக் கூரைக்குக் கீழே வெந்த மரம். தட்டினால் வெண்கலச் சத்தம் வந்தது. வெடிப்புகளுக்குள் பஞ்சு அப்பியிருந்தது, எந்தக் காலத்துப் பஞ்சோ. ஆணிகளைத் தேடுவதற்குப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் இழுத்துக்கொண்டே போனேன். காந்தம் ஆடுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம். இப்படி முப்பத்தொரு ஆணி எடுத்தேன். முப்பத்திரண்டாவது, அண்ணனின் நல்ல டூல் ஒன்றின் முனையை எடுத்தது.

மரத்தைப் பலகையாக அறுத்து, வட்டமாக வெட்டி, சாப்பாட்டு இடைவேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடைந்தேன். இரும்பு கடையும் லேத்தில் மரம் கடைவது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தூள் பறந்து மெஷினில் விழுந்து எண்ணெயை எல்லாம் குடித்துவிடுகிறது என்று கத்துவான். நான் ஈரத்துணி போர்த்திப் பார்த்தேன், காகிதம் ஒட்டிப் பார்த்தேன். மரம் இரும்பு மாதிரி இல்லை. இரும்பு சுருளாக வரும், சூடாக வரும். இது வெண்ணெய் மாதிரி வந்து, திடீரென்று ரேகை திரும்பிய இடத்தில் பிய்த்துக்கொண்டு போகும். உளியைத் தீட்டித் தீட்டி, ஐந்தாவது உருளையிலிருந்துதான் கை பழகியது. விளிம்பில் கயிறு உட்காரும் பள்ளத்தைக் கடைந்து, சுற்றும்போதே தேங்காய் எண்ணெய்த் துணியை வைத்து அழுத்தினால் மரம் கருஞ்சிவப்பாக மின்னும். அந்த நேரத்தில் எனக்குப் பட்டறை மறந்துவிடும். இந்தப் பள்ளத்தில் நாளை ஒரு கயிறு ஓடும், அந்தக் கயிற்றின் நுனியில் பாய், பாயில் காற்று, நான் அதன் கீழே.

அளவு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். தண்டல் கொடுத்துப் போன பழைய கப்பியில் உருளை தொளதொளவென்று ஆடியது. உருளைக்கும் பெட்டியின் பக்கப் பலகைக்கும் நடுவே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இடைவெளி. விளக்குமாற்றிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி நுழைத்துப் பார்த்தேன். தாராளமாகப் போய் வந்தது.

அண்ணனிடம் காட்டினேன். என்ன இருந்தாலும் தொழில் என்று வந்தால் அவன் கேலி செய்ய மாட்டான். வெர்னியர் வைத்து அளந்தான்.

"தேஞ்சு போயிருக்குதுடா. தேய்மானத்தைக் கூட்டிப் போடு."

எங்கள் தொழிலே அதுதான். எங்களிடம் எந்தப் பொருளும் புதிதாக வராது. தேய்ந்துதான் வரும். தேய்ந்ததைப் பார்த்து, தேயாதபோது என்ன அளவில் இருந்திருக்கும் என்று கண்டுபிடித்து, அந்த அளவில் கடைந்து கொடுப்போம். ஆடுகிற ஷாப்டைக் கொண்டுவந்தால் ஆடாத ஷாப்ட் திரும்பிப் போகும். கோயமுத்தூரில் லேத் முன்னால் நிற்கிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். நானும் அந்தப் பெட்டிச் சந்தை அளந்து, அதற்குள் கச்சிதமாக உட்காருகிற கனத்தில் பதினாறையும் கடைந்தேன். கையால் தட்டிவிட்டால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் துளி ஆடக்கூடாது. அண்ணன் கடைசி உருளையைப் பெட்டியில் போட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேலையைக் கத்துக்கிட்டாண்டா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். என்னைப் பார்த்து அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

கிளம்புகிற அன்று அம்மா பருப்புப்பொடியும் முறுக்கும் கட்டிவைத்தாள்.

"ஏங்கண்ணு, அங்க குளிக்கத் தண்ணி இருக்குமா?"

"தண்ணி மேலதாம்மா போறோம்."

"அது உப்புத் தண்ணி சாமி. தலைக்கு ஊத்துனா சிக்குப் புடிச்சுக்கும். எண்ணெய் வெச்சுட்டுப் போ."

காலையில் தூத்துக்குடியில் இறங்கியதும் முதலில் தெரிந்தது காற்றின் ஈரம். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பழைய துறைமுகத்தில் வரிசையாகத் தோணிகள் நின்றன. நான் நினைத்திருந்ததைவிட இரண்டு மடங்கு பெரியவை. மரத்தால் ஆன ஒரு தெருவே தண்ணீரில் அசைந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. தண்டல் தோணியின் விளிம்பிலிருந்து கையை ஆட்டினார்.

"வந்துட்டான்யா கோயம்புத்தூரு கப்பிக்காரன்!"

உருளைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டு ஆணியைச் செருகினேன். க்ளுக் என்று உட்கார்ந்தன. கையால் தட்டிவிட்டால் சுற்றிக்கொண்டே இருந்தன. ஆட்கள் கூடிவிட்டார்கள். "மோதிரம் மாரில்லா உக்காருது" என்றார் ஒருவர். கழற்றிய பழைய உருளைகளைச் சமையல்காரர் அள்ளிக்கொண்டு போனார். பல வருஷம் எண்ணெய் குடித்த மரம், அடுப்பில் நன்றாக எரியும் என்றார். எரிந்தது. அதில் போட்ட டீயை நான்தான் முதலில் குடித்தேன். அவ்வளவு பெருமையோடு நான் குடித்த டீ வேறில்லை.

உப்பு ஏற்றி முடிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் தோணியிலேயே இருந்தேன். என் பையை எங்கே வைப்பது என்று தண்டல் ஓர் இடம் காட்டினார், பின்பக்கம், தண்ணீர்ப் பீப்பாய்க்கு அருகில். அந்த ஒன்றரை அடி இடத்தை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்த்துக்கொண்டேன். கட்டிப்போட்டிருந்தாலும் தோணி சும்மா இருக்காது. லேசாக ஏறும், லேசாக இறங்கும், கயிறுகள் முனகும். படுத்துக்கொண்டு கண்ணை மூடினால் கரையிலிருந்து விலகிப் போவது போலவே இருக்கும். கண்ணைத் திறந்தால் உப்பு மூட்டைகளும் லாரிகளும். திரும்ப மூடிக்கொள்வேன். இப்போது நினைத்தாலும், அந்த மூன்று நாள் போல எதற்காகவும் நான் ஏங்கியதில்லை. அது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, அதனால்தான்.

மறுநாள் மதியம் இழுவைப் படகு வந்து எங்களைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய் விடும் என்று ஆனது. அதற்கு முந்தின நாள் காலையே பாயை ஏற்றிப் பார்த்தார்கள்.

முதல் பத்தடி ஏறியது. பிறகு நின்றது. நான்கு பேர் இழுத்தார்கள், ஆறு பேர் இழுத்தார்கள். முக்கி முனகி, விட்டு விட்டு, கடைசியில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. தண்டல் கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"கயிறு புதுசு. வெறச்சுக் கெடக்கு. ரெண்டு நாள் நனைஞ்சா வசத்துக்கு வந்துரும்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏறிட்டுல்லா? போ, சாப்பிடு. நாளைக்குப் பொழுது சாயும்போது கரை தெரியாது ஒனக்கு."

மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் போய்க் கீழே இருந்த கப்பியைப் பார்த்தேன். கயிறு ஓடிய இடத்தில் உருளையின் பள்ளத்தில் ஒரு கறுப்புத் தடம், ஒரே இடத்தில் மட்டும். உருளை சுற்றவே இல்லை. நின்ற உருளைமேல் கயிறு தேய்த்துக்கொண்டு போயிருந்தது. விரலால் தள்ளினேன். அசையவில்லை. கட்டை விரலை ஊன்றி முழுப் பலத்தோடு தள்ளினேன். சுவரைத் தள்ளுவது போலிருந்தது.

அப்போது புரிந்தது. அறுபது வருஷம் காய்ந்த மரம், நாலு நாளாகக் கடல் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. ஊதிவிட்டது. பெட்டியின் இரண்டு பக்கமும் போய் முட்டிக்கொண்டு நின்றது. பழைய உருளையில் ஈர்க்கு நுழைந்த அந்த இடைவெளி தேய்மானமே இல்லை. மரம் ஊதுவதற்காகச் செய்தவர் விட்ட இடம். தேயாத ஒன்றைத் தேய்ந்தது என்று எடுத்துக்கொண்டு, நானும் அண்ணனும் அதைச் சரிசெய்திருந்தோம்.

சாப்பாட்டுத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். மீன் குழம்பு. நான் சாப்பிடாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கயிறுதான் காரணம் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். பாய் ஏறிவிட்டது. பேசாமல் இருந்தால் போதும், நாளை சாயங்காலம் கோட்டுக்கு அந்தப் பக்கம். நீ ஒன்றும் பொய் சொல்லப் போவதில்லை, வாயைத் திறக்காமல் இருக்கப் போகிறாய், அவ்வளவுதானே என்று எனக்குள் ஒருவன் மிக நயமாகப் பேசினான். நானும் அவனோடு ஒத்துப்போய் இரண்டு வாய் சோறு தின்றேன். மூன்றாவது வாய் இறங்கவில்லை. ஏற முக்கிய பாய் இறங்கவும் முக்கும். குமரியைத் தாண்டும்போது காற்று முறுக்கினால் என்ன ஆகும் என்று, எங்கள் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தண்டல் என்னிடம் சொல்லியிருக்கிறார். கேட்டது நான்.

தட்டை வைத்துவிட்டுத் தண்டல் முன்னால் போய் நின்றேன். "அண்ணா, கயிறு இல்லைங்க. உருளைங்க. நான் டைட்டாக் கடைஞ்சுபோட்டேன்."

"எது?"

"மரம் ஊதிருச்சுங்க. பதினாறும் சுத்தாது. நாள் போகப் போக இன்னும் புடிக்கும்."

தண்டல் எழுந்துபோய்ப் பாயை இறக்கச் சொன்னார். பாதியில் நின்றது. இரண்டு பேர் பாய்மரத்தில் ஏறிக் காலால் மிதித்துத் தள்ளினார்கள். இறங்கவில்லை. கடைசியில் கயிற்றை அவிழ்த்துத்தான் கொண்டுவந்தார்கள். அந்த நேரம் முழுவதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தார்.

"ஏலே, பழசயாவது வச்சிருக்கியளா?"

சமையல்காரர் அடுப்பைக் காட்டினார்.

தண்டல் வைத வசவுகளில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. வைது முடித்ததும் குரல் இறங்கிவிட்டது. "எவ்வளவு நேரத்துல சரி பண்ணுவ?"

"ஒரு லேத்து வேணுங்க. ஒண்ணுக்கு முக்கா மணி நேரம்."

"நாளைக்கு மதியத்துக்குப் படகு வந்துரும். இன்னும் நாள் தள்ளுனா மேக்க இருந்து கச்சான் காத்து ஏறிரும், பெறகு குமரியத் தாண்ட முடியாது. எத்தன முடியுமோ முடி. முடிச்சுட்டு வா. ஒன் பை அங்கனயே கெடக்கட்டும்."

கடைசி வாக்கியத்தை எடுத்துக்கொண்டுதான் நான் ஓடினேன்.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பட்டறையில், படகு எஞ்சின்களுக்கு வேலை செய்யும் ஒரு லேத் கிடைத்தது. முதலாளி உருளையைத் திருப்பிப் பார்த்து, "மரமா? என் மெஷின்லயா? தூளு எண்ணெய எல்லாம் குடிச்சுரும்லா" என்றார். எங்கள் அண்ணனே எதிரில் நின்று பேசுவது போலிருந்தது. தண்டல் பெயரைச் சொன்னதும் விட்டார். உருளைகளைக் கோத்துப் பிடிக்க ஓர் இரும்புத் தண்டு கடையவே முதலில் ஒரு மணி நேரம் போனது. துளைகளும் நீள்வட்டமாகியிருந்தன. துளையைப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் சீவி, ஈர்க்கை வைத்துப் பார்த்து, மீனெண்ணெய் டின்னில் முக்கி எடுத்து வைத்தேன். அத்தனை பார்த்துப் பார்த்து மினுக்கிய முகங்களை நானே சீவித் தள்ளினேன். விளக்கு வைத்ததும் கடையைச் சாத்திவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றேன்.

மதியத்துக்குள் பத்து. தோணியிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். இழுவைப் படகின் சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது. அது தோணியை வெளியே கொண்டுபோய் விட்டதும் வத்தைக்காரர் ஒருவர் வந்தார். வத்தை என்றால் கரைக்கும் வெளியே நிற்கிற தோணிக்கும் போய்வருகிற சின்னப் படகு. அவர் ஏறக்குறைய ஐம்பது வயதுக்காரர், வெற்றிலை வாய்.

"வெளிய நங்கூரம் போட்டு நிக்காரு. சாயங்காலம் வரைக்கும் நிப்பாராம். காத்து அவருக்குத் தோதாக் கொண்டலுக்குத் திரும்பிட்டுன்னா நிக்க மாட்டாராம். முடிச்சுட்டு என்கூட வந்துருவியாம்."

மூன்று முடித்து அவரிடமே கொடுத்தனுப்பினேன். பதிமூன்று. இன்னும் மூன்று. கை தானாக ஓடியது. இரண்டேகால் மணி நேரம், அவ்வளவுதான் வேண்டும். கதவு வழியாகத் தெரிந்த ஒரு தென்னையின் மட்டைகளை அடிக்கடி பார்த்துக்கொண்டேன். அவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் சாய்ந்தால் கொண்டல் என்று எனக்குத் தெரியாது. முதலாளியிடம் கேட்கப் பயமாக இருந்தது.

பதினான்காவது உருளையின் இரண்டாவது பக்கத்தைச் சீவிக்கொண்டிருந்தபோது வத்தைக்காரர் வாசலில் வந்து நின்றார். அவர் கையில் என் பை இருந்தது.

நான் லேத்தை நிறுத்தவில்லை. "இன்னும் ரெண்டுதாங்க" என்றேன்.

"காத்து திரும்பிட்டு தம்பி. மூணு எடத்துல கயித்த நேராக் கட்டிக்கிட்டாரு. அது சின்னப் பாயாம், பாதகமில்லையாம்." பையைக் கீழே வைக்க இடம் தேடி, தூள் இல்லாத ஓர் ஓரத்தில் வைத்தார். "ஒன்ன ஏசல. முறுக்கு மட்டும் எடுத்துக்கிட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

மெஷினை அணைத்துவிட்டு அவரோடு கரைக்கு ஓடினேன். தூரத்தில் நின்றது, மற்ற தோணிகளுக்கெல்லாம் அப்பால், தனியாக. பாய் ஏறிக்கொண்டிருந்தது. எங்கேயாவது நிற்கும் என்றே பார்த்தேன். நிற்கவில்லை. ஒரே சீராக, யாரோ ஒரு கதவை நிதானமாகத் திறப்பது போல, உச்சி வரைக்கும் போனது. அடுத்ததும். பிறகு காற்று உள்ளே நுழைந்து இரண்டும் வயிறு வைத்தன.

"ஓடுதா?" என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாலும் யாராவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"ஓடுதே. எண்ணெ மாரி ஓடுது."

அது தெற்கே திரும்பிச் சிறுத்துக்கொண்டே போனது. சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தச் சந்தோஷம் தோணியோடு போய்க்கொண்டிருந்தது, நான் கரையில் இருந்தேன். பதிமூன்று உருளைகள், எங்கள் ஊர் பஞ்சு குடோனின் மரம், என் விரல் பட்டுப் பட்டு வழவழத்தது. நாளை அவற்றைச் சுற்றி நான்கு பக்கமும் எதுவும் இருக்காது.

பாயின் நுனியும் கோட்டில் கலந்தபிறகும் வத்தைக்காரர் கிளம்பவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"ஒனக்கு எந்த ஊருன்னாரு?"

"கோயமுத்தூருங்க."

"அங்க கடல் எவ்வளவு தூரம்?"

"கடல் இல்லைங்க."

"சுத்தமா இல்லியா?"

"இல்லைங்க. காத்து மட்டும் வரும்."

அவர் அதை நம்ப முடியாதவர்போல் என்னைப் பார்த்தார்.

"அப்ப நீ இன்னும் செத்த நேரம் இருந்துட்டே போ" என்றார்.